நடுப்பாட்டில் வலை இல்லை

நடுமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி.
3.3.2024

அன்பு மகள் தஹ்சீனுக்கு,

மாமா தேசப்பன் எழுதுகிறேன். நானும் உன் மாமி அமுதவல்லியும் உயிரோடு இருக்கிறோம், ஏரியும் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை இறால் ஏலத்தில் உன் வாப்பாவைப் பார்த்தேன். "நான் போன் பண்ணா மீட்டிங்ல கீறேன்னு வெச்சிடுறா. உனுக்கு மட்டும் நாலு பக்கம் எழுதறாளே, அது எப்டி நைனா?" என்று கேட்டான். ஜலாலுதீனுக்குப் பொறாமை. அவனுக்கும் ஒரு வரி எழுது.

போனில் பேசலாமே என்கிறாய். பேச மாட்டேன். முப்பது வருஷமாக அதிகாரிகளிடம் வாயால் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. எழுதிக் கொடுத்ததற்கும் பதில் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் எழுதியதை நான் எழுதவில்லை என்று எவனும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கற்றவன் நான். அதை வீணாக்க மாட்டேன்.

நீ கேட்டது நடந்துவிட்டது. மாசி மகத்துக்கு மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இந்த மாசி முதல் அடுத்த மாசி மகம் வரை நடுப்பாட்டில் யாரும் வலை போட வேண்டாம் என்று கேட்டேன். கங்காதரன் தெரியுமல்லவா, வாய் நீளமானவன். "இன்னா பெருசு, கோயில் மாடு மாதிரி ஏரியவே நேந்து வுடலாம்னு கீறியா?" என்றான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "இறால் கொறையுதுன்னு எந்த ஆபீஸ் போனாலும், உங்க வலைதான் காரணம்னு நம்ம மூஞ்சிலயே சொல்றானுங்க. ஒரு பாட்ட ஒரு வருசம் சும்மா வுடுவோம். அப்பவும் இறால் வரலன்னா வலை குத்தவாளி இல்லன்னு ஆயிடும்ல? அளந்து பாக்கறதுக்கு ஆள் கீது" என்றேன். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. எல்லையம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. டவுன் பெண்ணுக்காகப் பாட்டை விடுவதா என்று பேச்சு வரும். என் சொல்லுக்காக விடுங்கள் என்றுதான் கேட்டேன், என் சொல்லுக்காகத்தான் விட்டார்கள். இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

நீ போயிருக்கும் டச்சு நாட்டுக்காரர்கள் முந்தி இங்கே வந்து கோட்டை கட்டிக் கல்லறையோடு போனார்கள். நீ அங்கே போய் என்ன கட்டப்போகிறாய் என்று பார்ப்போம். குளிருக்குத் தலையை மூடிக்கொள்.

உன் மாமா,
தேசப்பன்


நெதர்லாந்து,
2.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோயில் மாட்டுக் கதையை இங்கே சொன்னபோது எங்கள் மேசை முழுவதும் சிரித்தது. கங்காதரன் அண்ணனிடம் சொல்லாதீர்கள், தலைகால் புரியாது.

அந்த மேசையில் யார் யார் என்று சொல்கிறேன். மனிதரால் பூமிக்கு என்ன நேர்கிறது என்று ஆராய இந்த ஃபெலோஷிப்புக்குப் பதினோரு பேரை எடுத்திருக்கிறார்கள். ஒருவர் சேற்றில் படிந்த புகைக்கரியைப் பார்க்கிற மண்ணியல்காரர். ஒருவர் வக்கீல். ஒருவர் வறண்டுபோன ஆறுகளை மட்டுமே வரைகிற ஓவியர். ஒரு மருத்துவரும் உண்டு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிய வேண்டும், அதுதான் இங்கே சட்டம். பாடு என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு மதியம் ஆயிற்று. "ஏரிக்குள்ளே கோடு எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கு மூன்று பாடு உண்டு. எந்த நாள் யார் எந்தப் பாட்டில் வலை போடுவது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். முறை இல்லாதவன் அங்கே வலையை நனைக்கக்கூட மாட்டான்" என்றேன். "காவலுக்கு யார்?" என்று வக்கீல் கேட்டார். "ஊர்" என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மாதா மாதம் சென்னைக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து மூன்று பாட்டிலும் தண்ணீரும் சேறும் எடுப்பார்கள், இறாலையும் எண்ணிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு படகு சொல்லிவிடுங்கள். இன்னொன்று மாமா, கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வருஷம் முழுமையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வலை விழுந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

வாப்பாவுக்கு எழுதிவிட்டேன். இரண்டு வரி.

அன்புடன்,
தஹ்சீன்


நடுமேட்டுக்குப்பம்,
18.8.2024

அன்பு மகள் தஹ்சீனுக்கு,

மாமா எழுதுவது. உன் கல்லூரிப் பையன்கள் ஒழுங்காக வருகிறார்கள். ஒருவனுக்குப் படகு ஏறினாலே வாந்தி. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறாய்.

இங்கே நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வடக்குப் பாட்டிலும் தெற்குப் பாட்டிலும் வலைக்குக் கையளவுகூடத் தேறுவதில்லை. முகத்துவாரத்தில் மண் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் நடுப்பாட்டில், நாங்கள் வலை போடாத இடத்தில், வெயில் சாயும்போது தண்ணீர்மேல் இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிகிறது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறார்கள். இளவட்டங்கள் படகை அந்தப் பக்கம் விட்டுக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா பார்க்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஒருவன் கையும் வலைக்குப் போகவில்லை. இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் வலைதான் குற்றவாளியா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். வருஷம் முடியட்டும்.

ஆடி பதினெட்டுக்கு முன்னால் வெள்ளைப் படகு ஒன்றில் நாலு பேர் வந்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் கருவி. ஏரியை அளக்கிறோம், கவர்மெண்டு வேலை என்றார்கள். கரையில் நின்ற எல்லோரிடமும் ஒரே கேள்வி. நடுப்பாட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அங்க வலை போடுவீங்களா?" என்று. கங்காதரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "போட மாட்டோம் சார். இந்த ஊர்ல ஒருத்தன் போட மாட்டான். வேணும்னா எந்தக் கொழந்தையயும் கேளு" என்றான். அவர்கள் கேட்கவும் கேட்டார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். என்னிடமும் வந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஆள் எழுதிக்கொண்டு, "ரொம்ப தாங்க்ஸ் ஐயா, எங்க வேல ஈசியாயிடுச்சு" என்றான்.

போகும்போது நடுப்பாட்டின் நாலு மூலையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உன் வேலையாக இருக்கும் என்று நினைத்துப் பிடுங்காமல் விட்டேன். உன் வேலைதானே?

உன் மாமா,
தேசப்பன்


நெதர்லாந்து,
10.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிவப்புத் துணி என் வேலை இல்லை. கல்லூரிப் பையன்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அரசாங்கம் ஏரியை அவ்வப்போது அளப்பது உண்டு, அதுவாக இருக்கலாம். மறுபடி வந்தால் எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

நீங்கள் பதில் சொல்ல மறுத்த கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். நடுப்பாட்டில் இறால் பெருகியிருக்கிறது, எண்ணிக்கையும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் சேறு வேறு கதை சொல்கிறது. மூன்று பாட்டிலும் அடிச்சேறு ஒரே மாதிரி கறுத்துப்போயிருக்கிறது. அந்தக் கறுப்பு வலையிலிருந்து வந்தது இல்லை. வலையும் ஒரு கை, வெளியிலிருந்து வருவதும் ஒரு கை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை. அதற்கு வருஷம் முழுவதும் வேண்டும். கோபப்படாமல் படியுங்கள் மாமா.

போன மாதம் என் முதல் வரைபடத்தை எங்கள் நிறுவனத்தின் வலைத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள். வடக்கிலும் தெற்கிலும் படகுக் குறிகள், நடுவில் வெறும் நீலம். எல்லோரும் பாராட்டினார்கள். இந்தியாவிலிருந்துகூட யாரோ கேட்டு எடுத்துக்கொண்டார்களாம். அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தஹ்சீன்


நடுமேட்டுக்குப்பம்,
20.11.2024

தஹ்சீனுக்கு,

உன் வெறும் நீலம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

பொன்னேரியில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு கம்பெனி நம் ஏரியில் சரக்கு இறங்குதளம் கட்டப்போகிறதாம். அதற்கு ஆழம் தோண்ட வேண்டுமாம். எங்கே தோண்டுவது? நடுப்பாட்டில். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி ராத்திரியும் பகலுமாகப் படித்தேன். 'மீனவர் பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் இரண்டு. ஒன்று, கிராமத்தாரிடம் நேரில் விசாரித்தது. இன்னொன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வரைபடம். உன் பெயர் இல்லை. உன் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. படம் உன்னுடையதுதான், பழைய கோட்டையை முன்பு எனக்கு வரைந்து காட்டியது போலவே குறித்திருக்கிறாய், அதிலேயே தெரிந்துகொண்டேன்.

ஊரில் கங்காதரன் மண்ணை வாரித் தூற்றாத குறை. "அளந்தவன் கம்பெனிக்காரன்னு எவனுக்குத் தெரியும்? போடலன்னு நெஜத்ததானே சொன்னோம்? பொய் சொல்லியிருந்தா பொழச்சிருப்போம்" என்று கத்தினான்.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, உன் நிறுவனத்தின் தாளில் எழுது. நடுப்பாடு இந்த ஊரின் பாடு, தலைமுறையாக வலை போட்ட இடம், ஆய்வுக்காகக் கேட்டுக்கொண்டதால் ஒரு வருஷம் மட்டும் விட்டார்கள் என்று எழுது. முத்திரை வைத்து அனுப்பு. கூட்டம் ஜனவரி எட்டாம் தேதி. இரண்டு, எனக்கு விடுதலை கொடு. ஊர் என் சொல்லுக்காக விட்டது, நான் சொன்னால் நாளைக்கே படகை எடுப்பார்கள். ஆனால் நான் உனக்குச் சொல் கொடுத்திருக்கிறேன். வலை போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். அந்த இடத்தில் நாங்கள் வலை போடுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு வரி.

தேசப்பன் மாமா


நெதர்லாந்து,
14.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லி முதலில் எழுதினேன். பொதுவில் வைத்ததை எடுக்க முடியாதாம்.

எங்கள் இயக்குநரிடம் போய்ப் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆய்வு முடியும் முன்னால் இப்படி ஒரு தகராறில் கடிதம் கொடுத்தால் நான் ஆய்வாளராக இல்லாமல் கட்சிக்காரியாக ஆகிவிடுவேன், பிறகு என் முடிவை உலகில் யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார். எனக்கு இரண்டாம் வருஷம் உண்டா இல்லையா என்பது பிப்ரவரியில் முடிவாகும். இல்லை என்றால் விசாவும் இல்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் அனுமதித்த அளவுக்கு ஒரு கடிதம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். தமிழிலும் எழுதியிருக்கிறேன். அது குறைவு என்று எனக்கே தெரியும்.

வலை விஷயம். மாமா, இன்னும் மூன்று மாதம்தான். இப்போது போட்டால் கறுத்த சேற்றைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் செத்துவிடும். அந்த முடிவு வெளிவந்தால் ஒரு கம்பெனியை இல்லை, எத்தனையோ பேரை நிறுத்தலாம். ஒரு பாட்டை மட்டும் பார்க்காதீர்கள், முழு ஏரியையும் பாருங்கள். மாசி மகம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நானே நேரில் வந்து பேசுகிறேன்.

வாப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவருக்கு ரத்தக்கொதிப்பு.

உங்கள் மகளாக நினைத்து மன்னியுங்கள்.

தஹ்சீன்


நடுமேட்டுக்குப்பம்,
2.2.2025

தஹ்சீனுக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. கூடவே வைத்திருந்த தாளையும் படித்தேன். 'ஆய்வுக் காலத்தில் இப்பகுதியில் மீன்பிடிப்பு எதுவும் பதிவாகவில்லை. அதற்கான காரணம் இந்த ஆய்வின் வரம்பில் வராது.' கீழே உன் கையெழுத்து. முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது.

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன். கல்யாண மண்டபம். கூட்டம் நிறைய. உன் வாப்பா டவுன் வியாபாரிகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு எங்களுக்காக வந்து கடைசி வரிசையில் நின்றான். கேமராக்காரர்கள் இருந்தார்கள். எந்த ஊர் என்று தெரியாத சில ஆட்களும் இருந்தார்கள்.

கம்பெனிக்காரன் திரையில் உன் படத்தைப் போட்டான். பிறகு இறால் கணக்கைப் போட்டான். அதுவும் உன் ஆட்கள் எண்ணியதுதான். "வலை இல்லாத இடத்தில் இறால் பெருகியிருப்பதை இந்த ஆய்வே காட்டுகிறது. ஆகவே மீனவர்கள் விலகியிருப்பது ஏரிக்கும் நல்லது" என்றான். நல்ல தமிழ். குரலை உயர்த்தவே இல்லை.

கங்காதரன் எழுந்துவிட்டான். "யோவ், அது எங்க பாடுய்யா!"

"ஆடி மாசம் கேட்டப்ப வலை போடறதில்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?" என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

"இந்த ஒரு வருசம் போடல சார். சத்தியம் பண்ணிக் கீறோம்."

முன் வரிசையில் சிரித்தார்கள். "எதுக்காக?" என்றார் அதிகாரி. கங்காதரன் என் பக்கம் திரும்பி, "பெருசு, நீ எழுந்து சொல்லு" என்றான்.

எழுந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, யாருக்காக விட்டீங்க? அவங்க எழுத்துல ஏதாவது குடுத்திருக்காங்களா?" பின்னாலிருந்து ஒருவன், நான் இதுவரை பார்க்காத ஆள், "வெளிநாட்டுக் காசு வாங்கினது யாருன்னு பேரச் சொல்லு! பேரு!" என்று கத்தினான். கேமரா எல்லாம் என் பக்கம் திரும்பின.

உன் பெயர் என் வாய் வரை வந்திருந்தது. உன் வாப்பா மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் தொப்பியோடு நின்று, நான் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயர் அங்கே விழுந்தால் சாயங்காலத்துக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் வாப்பாவின் கடையை உடைப்பதோடு நிற்காது. இந்தக் காலத்தில் உங்கள் மாதிரிப் பெயர் கிடைத்தால் அதோடு எதை எதைச் சேர்ப்பார்கள் என்று அந்த ஆளின் முகத்திலேயே எழுதியிருந்தது. உன் தாளைக் காட்டினாலோ கம்பெனிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

"யாருக்காவும் இல்ல சார். நான்தான் வுடச் சொன்னேன்" என்றேன்.

"எழுத்துல?"

"ஒண்ணும் இல்ல."

கம்பெனிக்காரன் அதைக் குறித்துக்கொண்டான். கங்காதரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை. "எவ்ளோ வாங்கின பெருசு?" என்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. பழவேற்காட்டில் இறங்கியதும் உன் வாப்பா கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "இன்னா நைனா பண்ணி வெச்ச? எங்கிட்டயாவது நெஜத்தச் சொல்லு." சொல்லவில்லை. கையை விட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு ஏலத்தில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

ஊர்க்கூட்டம் போட்டு, ஊர்க் குடும்பங்களின் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி எந்தப் பாட்டிலும் எனக்கு முறை இல்லை. மாமியைப் பெண்கள் யாரும் கூப்பிடுவதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத" என்கிறாள். சொல்லவில்லை.

நவம்பரிலேயே நீங்கள் வலையைப் போட்டிருக்கலாமே, என் வரிக்காக ஏன் காத்திருந்தீர்கள் என்று நீ நினைக்கலாம். போட்டிருக்கலாம். கொடுத்த சொல்லை நானே எடுத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அது தப்பு என்றால் தப்போடு இருந்துவிட்டுப் போகிறேன். முழு ஏரியைப் பார் என்று எழுதியிருந்தாய். வடக்கிலும் தெற்கிலும் ஒன்றும் தேறாதபோது, முழு ஏரியில் எங்களுக்கு வாழ மிஞ்சியது அந்த ஒரு பாடு.

போன வாரம் மண் பரிசோதனை என்று இரும்புக் குழாய்களை இறக்கி, சுற்றிலும் மிதவைக் கயிறு கட்டிவிட்டார்கள். காவலுக்குப் படகு நிற்கிறது. சத்தியத்தை மீறியாவது வலை போடுவோம் என்று நம் ஊர்ப் பையன்கள் போனார்கள். பெயர் எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இப்போதும் இறால் துள்ளுகிறது.

உன் ஆய்வுக்கு ஒரு வருஷம் கேட்டாய். மாசி மகத்துக்குப் பிறகும் அங்கே வலை விழாது. எத்தனை வருஷம் வேண்டுமோ எடுத்துக்கொள்.

உன் வாப்பாவிடம் நீ எதையும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பைத்தியக்காரன் நேராக எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வந்து நின்று, என் மகள்தான் என்று சொல்லிவிடுவான்.

எனக்கு எழுதாதே. தபால்காரர் கையில் வெளிநாட்டு உறை வந்தால் இப்போது தெருவே நின்று பார்க்கிறது.

ந. தேசப்பன்,
நடுமேட்டுக்குப்பம்.